கூட்ஸ் வண்டிக்கும் ஒரு கிளிக்!

கேட் போட்டாச்சு. காலேஜ் பஸ்சுக்குள்ள ஒரே புழுக்கம். 'ஃபர்ஸ்ட் ஹவர் அட்டெண்டன்ஸ் போச்சு' என்று நாலு பேர் புலம்புகிறார்கள். தூரத்தில் ஹாரன் சத்தம். எக்ஸ்பிரஸ் என்றால் அரை நிமிஷத்தில் பறந்துவிடும் என்று ஆசையாக எட்டிப் பார்த்தால்... ஆடி அசைந்து வருகிறார் மிஸ்டர் கூட்ஸ்! 'போச்சுடா!' என்று மொத்த பஸ்சும் கோரஸ் பாடும்.

அதே கேட்டில், கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் மட்டும் முகமெல்லாம் பல்லாக, கையில் கேமராவோடு நிற்பார். கவனித்திருக்கிறீர்களா? நமக்கு லேட்டு. அவருக்கு அதுதான் ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோ!

ரயிலைப் பார்ப்பது, படம் எடுப்பது, குறித்து வைப்பது... இதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு 'ரயில் ஃபேன்' என்று பெயர். உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதில் கூட்ஸ் பிரியர்கள் ஒரு தனி ரகம். வந்தே பாரத்தையும் பாண்டியன் எக்ஸ்பிரசையும் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாருமே திரும்பிப் பார்க்காத வண்டிக்காக வெயிலில் காத்திருப்பது இவர்கள் மட்டும்தான்.

அப்படி என்னதான் இருக்கு அந்த அழுக்கு வண்டியில்? வாங்க, பக்கத்தில் போய்... இல்லை, பாதுகாப்பான தூரத்தில் நின்றே பார்ப்போம்!

பெட்டி எண்ணியது போதும்... எழுத்தைப் படிங்க!

சின்ன வயசில் எல்லாரும் கூட்ஸ் பெட்டியை எண்ணியிருப்போம். முப்பது தாண்டியதும் கணக்கு விட்டிருப்போம். இப்போது பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்க. அது ஒரு தனி மொழி. ஆனால், சிம்பிள் மொழி.

மேல் மூடாத பெட்டியில் 'பி.ஓ.எக்ஸ்.என்.' என்று இருக்கும். பி என்றால் போகி. ஓ என்றால் ஓப்பன், மேலே கூரை கிடையாது. எக்ஸ் என்றால் உயரமான பக்கச் சுவர். என் என்றால் ஏர் பிரேக். நிலக்கரி வருவது பெரும்பாலும் இதில்தான். 'பி.சி.என்.' என்றால் சி ஃபார் கவர்டு, மூடிய பெட்டி. அரிசி, உரம், சிமென்ட் மூட்டைகள் நனையாமல் போக இதுதான் வேண்டும். 'பி.டி.பி.என்.' டேங்கர், பெட்ரோல் டீசல் சமாச்சாரம். 'பி.எல்.சி.' தாழ்வான தட்டு, அதன் மேல் கன்டெய்னர் உட்கார்ந்து போகும்.

'என்.எம்.ஜி.' என்று ஒன்று உண்டு. அது கொஞ்சம் ஃபீலிங்கான கேஸ். ஒரு காலத்தில் ஜன்னலோர சீட்டில் நம்மை உட்காரவைத்துக் கூட்டிப்போன பயணிகள் பெட்டிதான் அது. வயசாகி ரிட்டயர் ஆனதும் ஜன்னலை எல்லாம் அடைத்து, சீட்டைப் பிடுங்கி, இரண்டு முனையிலும் பெரிய கதவு வைத்து கூட்ஸ் பெட்டியாக மாற்றிவிடுகிறார்கள். உள்ளே பளபளவென்று புதுக் கார்கள் போகும். தாத்தா முதுகில் பேரன் சவாரி!

இன்ஜினும் இதே மாதிரிதான். 'டபிள்யூ.ஏ.ஜி.9' என்று இருந்தால், டபிள்யூ - அகலப்பாதை. ஏ - ஏ.சி. மின்சாரம். ஜி - கூட்ஸ். 9 என்பது அந்த வரிசையில் அதன் நம்பர். இதன் பவர் 6,000 குதிரைகளுக்கும் மேல். ஏ இருக்கும் இடத்தில் டி இருந்தால் டீசல். ஜி இருக்கும் இடத்தில் பி இருந்தால் பாசஞ்சர். அவ்வளவுதான், பாதி பரீட்சை பாஸ்!

இன்ஜின் உடம்பில் அது எந்த ஷெட்டுக்குச் சொந்தம் என்றும் எழுதியிருக்கும். அரக்கோணம், ஈரோடு என்றால் நம்ம ஊர்ப் பிள்ளை. ஜார்க்கண்டில் உள்ள கோமோ ஷெட் இன்ஜின் ஒன்று ஒருநாள் உங்க ஊர் ஸ்டேஷனில் வந்து நிற்கலாம். ஊர் ஊராகச் சரக்கு இழுத்துக்கொண்டே அது எத்தனை மாநிலம் தாண்டி வந்திருக்கும் என்று யோசித்தாலே ஒரு த்ரில்.

11 நம்பர் மேஜிக்

ஒவ்வொரு வேகனுக்கும் 11 இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு, அது எந்த ரயில்வேயுடையது என்பது. 06 என்றால் நம்ம தெற்கு ரயில்வே. அடுத்த இரண்டு, தயாரான வருஷம். அப்புறம் நாலு இலக்கம் அந்த வேகனின் சொந்த நம்பர். கடைசியில் தனியாக ஒன்று இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. மற்ற பத்தும் சரியா என்று செக் பண்ணும் இலக்கம் அது.

சும்மா ஒரு எண்ணை வைத்து விளையாடிப் பார்ப்போம்: 3306124571. இரண்டாவது, நாலாவது என்று இரட்டை இடத்தில் இருப்பதைக் கூட்டுங்க: 3+6+2+5+1 = 17. அதை மூன்றால் பெருக்கினால் 51. ஒற்றை இடத்தில் இருப்பதைக் கூட்டுங்க: 3+0+1+4+7 = 15. மொத்தம் 66. இதற்கு அடுத்து வரும் பத்தின் மடங்கு 70. வித்தியாசம் 4. ஆக, பதினொன்றாவது இலக்கம் 4 ஆகத்தான் இருக்க வேண்டும். வேகன் நம்பரை யாராவது ஒரு இலக்கம் தப்பாக எழுதினால் கணக்கு உதைத்து மாட்டிவிடும். அடுத்த முறை கேட்டில் மாட்டிக்கொண்டால் மனக்கணக்காகப் போட்டுப் பாருங்க. நேரம் போவதே தெரியாது!

நம்ம சோறு, நம்ம கரண்ட்

'ஜாலி சரி. இதனால் என்ன பிரயோஜனம்?' என்று அப்பா கேட்பார். பதிலை ரெடியாக வைத்துக்கொள்ளுங்க.

இந்திய ரயில்வேயின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கில் இருந்துதான் வருகிறது. நம்ம டிக்கெட் காசில் இருந்து இல்லை. வருஷத்துக்கு 150 கோடி டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றுகிறார்கள். அதில் பாதி நிலக்கரி. ஒரு முழு நிலக்கரி ரேக்கில் 58, 59 வேகன் இருக்கும். சுமை மட்டும் கிட்டத்தட்ட 4,000 டன். வண்டிக்கு 20 டன் என்று லாரியில் ஏற்றினால் 200 லாரி வேண்டும்!

மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வரும் ஒரு வழியைக் கேளுங்க. ஒடிசா சுரங்கத்தில் இருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயில். அங்கிருந்து எண்ணூர் வரை கப்பல். எண்ணூரில் இருந்து மேட்டூருக்கு மறுபடியும் ரயில். உங்க ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஓடுகிற ஃபேனுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பயணம் இருக்கு. நீடாமங்கலம் கேட்டில் மணிக்கணக்காகக் காத்திருந்து நொந்துபோன டெல்டா மக்களுக்கு இன்னொன்று தெரியும்... தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து நெல்லும் அரிசியும் வெளிமாவட்டங்களுக்குப் போவது இந்த வண்டிகளில்தான்.

2019 கோடை ஞாபகம் இருக்கா? சென்னையில் ஏரிகள் எல்லாம் வறண்டு, குடத்தோடு தெருத்தெருவாக அலைந்தோமே... அந்த ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ஒரு வண்டி வந்தது. 50 டேங்கர்கள். 25 லட்சம் லிட்டர் குடிதண்ணீர். மேளதாளம் வைத்து வரவேற்ற கூட்ஸ் அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரிகள் மூச்சுத் திணறியபோது, மேற்கு வங்கத்தின் துர்காபூரில் இருந்து தண்டையார்பேட்டைக்கு ஆக்சிஜன் ஏற்றி வந்ததும் ஒரு கூட்ஸ்தான்.

கஷ்டம் வந்தால்தான் சில பேரோட அருமை தெரியும். கூட்ஸும் அந்த லிஸ்ட்டில் சேர்த்தி!

டைம்டேபிள் இல்லாத ஹீரோ

எக்ஸ்பிரஸ் என்றால் மொபைலில் தட்டினால் எங்கே வருகிறது என்று சொல்லிவிடும். கூட்ஸுக்கு அப்படி எதுவும் நமக்குக் கிடைக்காது. எப்போ வரும், எப்படி வரும்னு யாருக்கும் தெரியாது. அதுதான் இந்த ஹாபியின் கிக்கே!

ஆனால் சில க்ளூ உண்டு. முதல் வேலை, உங்க ரூட்டில் ஓடும் பயணிகள் ரயில்களின் நேரத்தை மனப்பாடம் செய்யுங்க. அந்த நேரத்தில் வராத வண்டிக்கு கேட் மூடினால், அநேகமாக கூட்ஸ். இரண்டாவது, சிக்னல். பெரும்பாலான ஊர்களில் ஸ்டேஷன் சிக்னல் சிவப்பில்தான் இருக்கும். மஞ்சளுக்கோ பச்சைக்கோ மாறினால் யாரோ வருகிறார் என்று அர்த்தம். சென்னை - அரக்கோணம் மாதிரி ஆட்டோமேடிக் சிக்னல் உள்ள இடத்தில் இந்தப் பாச்சா பலிக்காது. அங்கே பாதை காலியாக இருந்தாலே பச்சை எரியும்.

மூன்றாவது, லூப் லைன். பின்னால் வரும் எக்ஸ்பிரசுக்கு வழிவிட கூட்ஸை ஸ்டேஷனில் ஓரம் கட்டுவார்கள். பாவம், அது நிற்கும்... நிற்கும்... நின்றுகொண்டே இருக்கும். நமக்கு அதுதான் ஜாக்பாட். பிளாட்பாரத்தில் நின்று ஆற அமர ஒவ்வொரு வேகனாகப் படிக்கலாம்.

எங்கே போவது? பெங்களூர் பாதையும் சேலம் பாதையும் பிரியும் ஜோலார்பேட்டை ஒரு சொர்க்கம். காட்பாடி, அரக்கோணம், ஈரோடு, விழுப்புரம், திருச்சி எல்லாம் ஜங்ஷன்கள், போரடிக்காது. நிலக்கரி பார்க்க அத்திப்பட்டு பக்கம். டேங்கர் பார்க்க கோவையில் இருகூர். கார் ஏற்றும் வண்டிக்கு வாலாஜாபாத். சிமென்ட்டுக்கு அரியலூர். எங்கேயும் போக முடியலையா? உங்க ஊர் ஸ்டேஷனே போதும். 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட், இரண்டு மணி நேரம், ஒரு டீ. தியேட்டர் பாப்கார்ன் விலைக்கு இரண்டு மாசம் ஓட்டலாம்!

கிளிக் பண்ணும் முன்...

பெரிய கேமரா இருந்தால்தான் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. மொபைல் போதும். வெளிச்சம்தான் முக்கியம். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால் இருக்கணும். காலை முதல் இரண்டு மணி நேரமும், சாயங்காலம் கடைசி இரண்டு மணி நேரமும் தங்கம். உச்சி வெயிலில் வேகன் எல்லாம் கரியாகத்தான் தெரியும்.

நேர் எதிரே நின்று இன்ஜின் மூஞ்சியை மட்டும் எடுத்தால் அது கூட்ஸ் இல்லை, பாஸ்போர்ட் போட்டோ. இந்த வண்டியின் அழகே அதன் நீளம்தான். பாதை வளையும் இடத்தில், நடைமேம்பாலத்தின் மேலோ சாலை ஓரத்திலோ நின்றால் இன்ஜினில் இருந்து கடைசி வேகன் வரை ஒரே ஃபிரேமில் பாம்பு மாதிரி விழும். கேமராவில் செட்டிங் மாற்றத் தெரிந்தவர்கள் ஷட்டரை 1/500-க்கு மேல் வைங்க, ஆடாமல் வரும். அது கைவந்ததும் 1/60-க்கு இறக்கி, வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி எடுத்துப் பாருங்க. வேகன் தெளிவாக நிற்க, பின்னால் பனைமரம் எல்லாம் கோடாக ஓடும். பத்தில் ஒன்பது சொதப்பும். பத்தாவது படத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

ஒரு விஷயம். ஃபிளாஷ் கூடவே கூடாது. லோகோ பைலட் கண்ணில் வெளிச்சம் அடித்தால், 4,000 டன்னை இழுத்து வரும் மனுஷனுக்கு ஒரு கணம் சிக்னல் தெரியாமல் போகலாம்.

உயிர் முக்கியம் பாஸ்!

* நிற்கும் கூட்ஸ் வேகன் மேல் ஏறி செல்ஃபி எடுக்கப் போய்க் கருகிப்போன பசங்களைப் பற்றி அடிக்கடி செய்தியில் படிக்கிறோம். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொடவே வேண்டாம், பக்கத்தில் போனாலே பாயும். செல்ஃபி ஸ்டிக்கைத் தூக்குவதும் அதே கதைதான்.

* தண்டவாளத்தில் இறங்காதீங்க. ஒரு பாதையில் கூட்ஸ் கடகடவென்று போகும்போது, அடுத்த பாதையில் வரும் எக்ஸ்பிரஸ் சத்தம் காதிலேயே விழாது. ரயில்வே இடத்தில் அத்துமீறினால் 1989-ம் வருஷ ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

* நிற்கும் வண்டிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போகாதீங்க. எப்போது கிளம்பும் என்று அதற்கே தெரியாது.

* ராணுவத் தளவாடம் ஏற்றிய வண்டி வந்தால் கேமரா பைக்குள் போகட்டும். ஸ்டேஷன் மாஸ்டரோ ஆர்.பி.எஃப். போலீசோ 'எடுக்காதே' என்றால், 'சரிங்க சார்'. அங்கே விவாதம் வேண்டாம். காலேஜ் ஐ.டி. கார்டு எப்பவும் பையில் இருக்கட்டும்.

இன்னைக்கு விட்டா...

இவ்வளவு சொல்வதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கு. கூட்ஸ் எப்போதும் இருக்கும். ஆனால், இன்று நீங்க பார்க்கிற இதே கூட்ஸ் இருக்காது.

அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்று ஒருத்தர். நியூயார்க்கில் விளம்பரப் படம் எடுப்பது தொழில். 1950-களில் அந்த நாட்டு ரயில் கம்பெனிகள் எல்லாம் நீராவி இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்ற கம்பெனி மட்டும் இன்னும் நீராவியில் ஓட்டிக்கொண்டிருந்தது. நிலக்கரி சுமக்கும் கம்பெனி அது. அதுவும் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தெரிந்ததும், 1955-ல் மனுஷன் தன் கைக்காசைப் போட்டுக் கிளம்பினார். பாதை ஓரத்தில் விளக்குகளை வரிசையாகக் கட்டி, முன்கூட்டியே அனுமதி வாங்கி, ராத்திரியில் படம் எடுத்தார். 1960-ல் கடைசி நீராவி இன்ஜின் நிற்கும் வரை விடவில்லை. 1956-ல் எடுத்த ஒரு படம் ரொம்ப ஃபேமஸ். திறந்தவெளி தியேட்டரில் காருக்குள் ஒரு ஜோடி, திரையில் விமானம், பின்னால் புகை கக்கிக்கொண்டு ஓடும் ஒரு கூட்ஸ்! இன்று வர்ஜீனியாவின் ரோனோக் நகரத்தில், அதே கம்பெனியின் பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் அவர் படங்களுக்கென்றே மியூசியம் இருக்கு.

நம்ம ஊருக்கு வருவோம். சென்னை கடற்கரை - விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையில் 'யாம்-1' என்று குட்டி மின்சார இன்ஜின்கள் ஓடின. ஜப்பான் கைவண்ணம். மொத்தமே 20 தான். இந்தியாவில் மீட்டர் கேஜுக்கென்று வந்த ஒரே ஏ.சி. மின்சார இன்ஜின் வகை அது. கூட்ஸும் இழுத்தது. இப்போது பார்க்க வேண்டுமென்றால் டெல்லி ரயில் மியூசியத்துக்குப் போகணும். உங்க அப்பா, மாமா தினமும் பார்த்திருப்பார்கள். ஒரு படம் கேட்டுப் பாருங்க. 'அதை எவன்டா போட்டோ எடுப்பான்?' என்பார்கள்.

அதே கதை இப்போது உங்க கண் முன்னால் நடக்குது. 1962-ல் அமெரிக்காவில் இருந்து வந்த 'ஆல்கோ' டீசல் குடும்பம், அறுபது வருஷமாக இந்தியா முழுக்கக் கூட்ஸ் இழுத்தது. கரும்புகை, 'டக் டக்' என்று இதயம் மாதிரி அடிக்கும் சத்தம்... ரயில் பிரியர்களுக்கு அது இளையராஜா மாதிரி. இன்று அகலப்பாதையில் கிட்டத்தட்ட 99 சதவீதம் மின்மயமாகிவிட்டது. ஆல்கோக்கள் ஒவ்வொன்றாக பழைய இரும்புக்குப் போகின்றன.

வண்டியின் கடைசியில், குட்டி வீடு மாதிரி ஒரு பிரேக் வேன் வருமே... பச்சைக் கொடியோடு கார்டு நிற்பாரே... 2022 ஜனவரியில் அவர் பதவிக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றினார்கள். அந்த வேனுக்குப் பதிலாக கடைசி வேகனில் ஒரு கருவியை மாட்டிவிடும் முயற்சிகளும் நடக்கின்றன. நாளைக்கு உங்க பிள்ளைகள் யாருக்கு டாட்டா காட்டுவார்கள்?

இன்னொரு பக்கம் புதுசும் வருது. 2022 ஆகஸ்ட் 15 அன்று சத்தீஸ்கரில் 'சூப்பர் வாசுகி' என்று ஒரு வண்டி ஓடியது. 6 இன்ஜின், 295 வேகன், மூன்றரை கிலோமீட்டர் நீளம்! சரக்குக்கென்றே போட்ட மேற்குப் பாதையில் கன்டெய்னர் மேல் கன்டெய்னர் அடுக்கி, மின்சார இன்ஜின் இழுத்துப் போகிறது. இதெல்லாம்கூட ஒருநாள் பழசாகும்.

ஸோ, ஒரு 20 ரூபாய் நோட்டு வாங்குங்க. தேதி, நேரம், இடம், இன்ஜின் நம்பர், ஷெட், என்ன சரக்கு, எந்தப் பக்கம் போச்சு. ஒரு வண்டிக்கு ஒரு வரி போதும். படம் அழகாக இருக்கணும் என்றுகூட அவசியமில்லை. தேதியும் இடமும் இல்லாத அழகான படம் வால்பேப்பர்தான். அது இரண்டும் இருக்கிற சுமார் படம் சரித்திரம்!

எக்ஸ்பிரசைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்காங்க. உங்க ஊர் வழியாக அரிசியும் கரியும் தண்ணியும் சுமந்து போன வண்டியைப் பற்றி எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன புரோகிராம்?